மலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள், 'ரே லேக்ஸ் லூப்' என்றொரு நடைபாதை இருக்கிறது. தார்ச்சாலை முடியும் இடத்துக்கு 'ரோட்ஸ் எண்ட்' என்றே பெயர். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினால் ஓர் ஆற்றோரமாக ஏறி, ஏரிகளைத் தாண்டி, க்ளென் கணவாயைக் கடந்து, வேறோர் ஓடைக்கரையாக இறங்கி, நாலைந்து நாளில் அதே வண்டிக்குத் திரும்பி வந்துவிடலாம். மொத்தம் சுமார் 66 கிலோமீட்டர். புறப்படும் இடம் கடல்மட்டத்துக்கு மேல் 1,535 மீட்டர். கணவாய் 3,651 மீட்டர். கயிறு, கொக்கி, பனிக்கோடரி போன்ற சங்கதிகள் நல்ல கோடையில் தேவைப்படாது. நடக்கப் பழகிய கால்களும் முதுகில் ஒரு மூட்டையும் இருந்தால் போதும். அதனால்தான் இதை நடுத்தரக் கடினம் என்கிறார்கள்.

இந்தச் சுற்றை இரண்டு திசையிலும் நடக்கலாம். கோயில் பிராகாரத்தைச் சுற்றும் திசை ஒன்று. அதை வலச்சுற்று என்று வைத்துக்கொள்வோம். மற்றது இடச்சுற்று. எப்படிப் போனாலும் பாதை அதேதான். புறப்பட்ட புள்ளிக்கே திரும்புவதால், ஏறிய மொத்த உயரமும் இறங்கிய மொத்த உயரமும் இரண்டு திசையிலும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். அப்படியிருந்தும் பூங்கா நிர்வாகம் வலச்சுற்றைத்தான் சிபாரிசு செய்கிறது. நடப்பவர்களில் பெரும்பாலோர் அப்படியே போகிறார்கள். கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்துத்தான் அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டும் எந்தப் பாதையில் நுழைகிறீர்கள் என்பதைக் குறித்துத் தரப்படுவது. ஆகவே திசையைப் பல மாதம் முன்பே, வீட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்து முடிவு செய்தாக வேண்டும். கூட்டிக் கழித்தால் இரண்டும் ஒன்றுதானே, பிறகு ஏன் இந்தப் பாகுபாடு?

முதலில் சுற்றின் வடிவத்தைப் பார்ப்போம். வலச்சுற்றில் போனால் பாரடைஸ் பள்ளத்தாக்கு, வுட்ஸ் க்ரீக் ஓடை, ரே ஏரிகள் என்று ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குப் பாதை மெதுவாக ஏறி, கணவாயில் உச்சத்தைத் தொடுகிறது. அங்கிருந்து பப்ஸ் க்ரீக் ஓடை வழியாக இறங்குவது சுமார் 26 கிலோமீட்டர். அதாவது ஒரு பக்கம் நீண்ட சாய்வு, மறுபக்கம் குறுகிய சாய்வு. இடச்சுற்றில் போகிறவர் குறுகிய பக்கமாக ஏறி, நீண்ட பக்கமாக இறங்குவார். எல்லா வேறுபாடும் இந்த ஒரு கோணலிலிருந்துதான் கிளைக்கிறது.

மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித், ஒரு நாள் நடையைப் பற்றி எழுதிய குறிப்பில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது அது. இன்றைய அளவுகளில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். நம் சுற்றுக்குப் போட்டுப் பார்த்தால் தூரத்துக்குப் பதின்மூன்று மணி, ஏற்றத்துக்கு மூன்றரை மணி, ஆக மொத்தம் பதினேழு மணிக்குள் அடங்குகிறது. நாலு பகலுக்குப் பங்கிட்டால் நாளுக்கு நாலே கால் மணி நேரம்தான். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இந்த வாய்ப்பாடு, தாழ்வான ஸ்காட்லாந்து மலைகளில் கைவீசி நடந்த திடகாத்திரமான ஒருவருடையது. சோற்று மூட்டையும் கூடாரமும் சுமந்து 3,000 மீட்டருக்கு மேல் நடப்பவர்கள் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது நல்லது. இறக்கத்தைப் பற்றியும் நெய்ஸ்மித் வாய் திறக்கவில்லை.

அந்தக் குறையை 1993-ல் அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் ஓரளவு தீர்த்தார். சுவிட்சர்லாந்து வரைபடக் கலைஞர் எடுவார்ட் இம்ஹோஃப் சேர்த்துவைத்திருந்த நடைவேகத் தரவுகளை எடுத்து, சரிவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்தார். சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். மிக வேகமாக, ஆறு கிலோமீட்டர் வீதம், நடப்பது லேசான இறக்கத்தில்: நூறு மீட்டர் நடந்தால் ஐந்து மீட்டர் தாழும் சரிவில். அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் வேகம் மறுபடி குறைகிறது. நூறுக்கு முப்பது இறங்கும் சரிவில் உள்ள வேகமும் நூறுக்கு இருபது ஏறும் சரிவில் உள்ள வேகமும் டோப்ளரின் கோட்டில் ஒன்றேதான். காரணம் எளிது. ஏறும்போது மூச்சு தடுக்கிறது. இறங்கும்போது விழுந்துவிடக்கூடாதே என்ற எச்சரிக்கை தடுக்கிறது.

இந்தக் கோட்டில் நம் சுற்றின் சராசரிச் சரிவுகளை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. நீண்ட பக்கத்தின் சராசரிச் சரிவு நூறுக்கு ஐந்து. இறங்குவதற்கென்றே செய்தது போன்ற சரிவு. அதனால் டோப்ளர் இடச்சுற்றுக்கே வாக்களிக்கிறார்! கணக்குப்படி முக்கால் மணி நேரம் மிச்சம். சராசரியை வைத்துப் போட்ட கச்சாக் கணக்குதான், ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. பிறகும் வலச்சுற்றே நல்லது என்று சொல்வானேன்? டோப்ளரின் கோட்டுக்கு மணி எத்தனை, மாதம் எது, முதுகில் எவ்வளவு எடை, சுற்றிலும் காற்று எவ்வளவு என்பதெல்லாம் தெரியாது.

காற்றிலிருந்து தொடங்கலாம். உயரே போகப் போகக் காற்றின் எடை குறையும் என்பது இன்று பள்ளிப் பாடம். இதை முதன்முதலில் அளந்து காட்டியது ஒரு மலை நடைதான். பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டதற்காக, அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியே 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயோடு புய் த டோம் என்ற மலையில் ஏறினார். புறப்படுமுன் அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களை நிறுத்தி, இரண்டிலும் பாதரசம் ஒரே உயரத்தில் நிற்பதைச் சரிபார்த்தார். ஒன்றை மடத்துத் துறவி ஒருவரிடம் விட்டு, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மற்றதை உச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே பாதரசம் சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. அவர் அதோடு நம்பிவிடவில்லை. உச்சியிலேயே இடம் மாற்றி, மறைவில் ஒரு தரம், திறந்த வெளியில் ஒரு தரம், காற்றடிக்கும் இடத்தில் ஒரு தரம் என்று திரும்பத் திரும்ப அளந்தார். இறங்கிவந்து கேட்டால், மடத்துக் குழாய் காலையிலிருந்து அசையவே இல்லை. எனக்கு உச்சிக் குழாயைவிட அந்தக் கீழ்க்குழாயின் மேல்தான் மரியாதை. அது இல்லாவிட்டால், அன்றைய வானிலைதான் மாறிவிட்டது என்று எவரும் சொல்லியிருக்கலாம்.

க்ளென் கணவாயில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் அங்கேயும் அதே 21 சதவீதம். நூற்றில் இருபத்தொன்று என்பது மாறவில்லை, நூறுதான் சுருங்கிவிட்டது. ஒரு கலவையில் ஒரு வாயு மட்டும் தன் பங்குக்குத் தரும் அழுத்தத்தைப் பகுதி அழுத்தம் என்கிறோம். நுரையீரலிலிருந்து ஆக்ஸிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது அதுதான். மலை உச்சியில் வரும் தலைவலிக்கும் குமட்டலுக்கும் காரணம் காற்றின் மெலிவா, ஆக்ஸிஜனின் குறைவா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுநாள் வாதம் நடந்தது. பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் காற்றை உறிஞ்சி எடுக்கக்கூடிய ஓர் இரும்பு அறைக்குள் தாமே உட்கார்ந்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டார். தலை சுற்றியது, பார்வை மங்கியது. அதே குறைந்த அழுத்தத்திலேயே ஆக்ஸிஜனைச் சுவாசித்ததும் எல்லாம் தெளிந்தது. அழுத்தம் மட்டும் காரணமாக இருந்தால் தெளிந்திருக்கக் கூடாது. 1878-ல் வெளியான அவருடைய பெரிய நூல் அந்த வாதத்தைப் பெருமளவு தீர்த்துவைத்தது.

உடம்பு இதை எப்படிச் சமாளிக்கிறது? ரத்தச் சிவப்பணுக்கள் பெருகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. நாலைந்து நாள் நடைக்கு உதவாது. உடனே நடப்பது, மூச்சு வேகமாவது. அப்படி வேகமாக விடும்போது கார்பன் டை ஆக்ஸைடும் அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளையில் மூச்சைக் கண்காணிக்கும் பகுதி இதைப் பார்த்து, போதும் என்று நிறுத்தச் சொல்கிறது. இரவில் கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் சில விநாடி மூச்சே விடாமல் கிடந்து, திடீரென்று பெருமூச்சாக இழுப்பது இதனால்தான். முதல் தடவை கேட்பவருக்குத் தூக்கம் போய்விடும். சிறுநீரகங்கள் அந்தக் காரத்தை மெல்ல வெளியேற்றச் சில நாட்கள் ஆகும். அதுவரை மெதுவாக ஏறுவதுதான் மருந்து. 2,500 மீட்டருக்கு மேல்தான் மலைநோய் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் சரி, எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு.

வலச்சுற்றில் இரவுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பாரடைஸ் பள்ளத்தாக்கில் சுமார் 2,000 மீட்டர். வுட்ஸ் க்ரீக் தொங்கு பாலத்தருகே சுமார் 2,600. ரே ஏரிகளில் 3,200. கடைசிப் படி 500-ஐக் கொஞ்சம் மிஞ்சுகிறது; வேண்டியவர்கள் சற்று கீழே டாலர் ஏரியருகே தங்கிக்கொள்ளலாம். மூன்று நாள் இப்படி ஏறிய பிறகே கணவாய் வருகிறது. இடச்சுற்றில் போனால், சோற்று மூட்டை முழு எடையோடு இருக்கும் முதல் நாளே, பள்ளத்தாக்கின் தரையிலிருந்து வெயில் காயும் கொண்டைஊசி வளைவுகளில் ஏறியாக வேண்டும். இந்தப் பகுதியில் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டியில்தான் வைத்தாக வேண்டும் என்பது விதி. காலியாக இருக்கும்போதே அந்தப் பெட்டி ஒரு கிலோ கனக்கும்.

மூட்டையில் பருப்பு வேண்டாம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறைகிறது. ரே ஏரிகளில் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் எரிவாயுதான் தீரும். அவல், ரவை, சேமியா எல்லாம் தோதுப்படும்.

அடுத்தது பனி. ஜூலையில் போகலாம் என்று சொல்வது சுலபம். ஆனால் சியராவில் ஜூலை என்பது நாட்காட்டியில் இருக்கும் மாதமல்ல. குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதைப் பொறுத்து முன்னும் பின்னும் நகரும் ஒன்று. எவ்வளவு விழுந்தது என்று எப்படி அளப்பது? ஆழத்தை அளந்து பயனில்லை. புதுப்பனி பஞ்சாக இருக்கும், பழைய பனி கல்லாக இறுகியிருக்கும். இதற்கு வழி கண்டவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் மொழியும் பண்டை இலக்கியமும் கற்பித்த பேராசிரியர் ஜேம்ஸ் சர்ச். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மவுண்ட் ரோஸ் மலையில் குளிர்காலங்களில் ஏறித் திரிந்த அவர், பல் வைத்த நீண்ட உலோகக் குழாய் ஒன்றைச் செய்தார். அதைப் பனிக்குள் தரை தொடும்வரை திருகி இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு அப்படியே தூக்கித் தராசில் நிறுத்தார். எடை தெரிந்தால் அது உருகி எவ்வளவு நீராகும் என்பது தெரிந்துவிடும். இதைப் பனிநீர் அளவு என்று சொல்லலாம். இன்றும் கலிபோர்னியாவில் ஆள் போய் அளக்கும் இடங்களில் இதே முறைதான். ஏப்ரல் முதல் தேதி வாக்கில் எடுக்கும் அளவே அந்த ஆண்டுக்கான அத்தாட்சி.

2015 ஏப்ரலில் மாநிலத்தின் பனிநீர் அளவு வழக்கமான சராசரியில் 5 சதவீதம்தான். 2023 ஏப்ரலில் 237 சதவீதம். முதல் ஆண்டில் ஜூன் மாதமே காய்ந்த பாதையில் கணவாயைக் கடந்திருக்கலாம். இரண்டாவது ஆண்டில் ஜூலையிலும் வெண்பனிமேல்தான் நடை. ஆகவே நாள் குறிக்கும்போது ஏப்ரல் அறிக்கையைப் பார்க்காமல் குறிப்பது, முகூர்த்தம் பார்க்காதவருக்கும் தப்பாகவே படும்.

உயர்ந்த கணவாய்களில் பனி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருகுவதில்லை. பூமியின் வடபாதியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சரிவு காய்ந்துகொண்டே இருக்கும். வடக்குச் சரிவு நிழலில் பனியைச் சேமித்துவைக்கும். ரே ஏரிகள் க்ளென் கணவாய்க்கு வடக்கே இருக்கின்றன. வலச்சுற்றில் போகிறவர் பனி மிஞ்சிய வடபக்கமாக ஏறி, காய்ந்த தென்பக்கமாக இறங்குகிறார். செங்குத்தான பனியில் ஏறுவது களைப்பு, இறங்குவதோ ஆபத்து. ஏறும்போது காலணியின் முனையால் உதைத்துப் படி வெட்டலாம், உடல் சரிவைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், வழுக்கினாலும் கை முதலில் ஊன்றும். இறங்கும்போது எடையெல்லாம் குதிகாலுக்குப் போய், வழுக்கினால் முதுகு மூட்டையோடு கீழே போக வேண்டியதுதான். நான் வலச்சுற்றுக் கட்சியில் இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இதே அளவு முக்கியமான இன்னொரு காரணம் ஆறு. பாரடைஸ் பள்ளத்தாக்கின் மேல்முனையில் கிங்ஸ் ஆற்றின் தென்கிளையைக் கடக்க ஒரு பாலம் இருந்தது. 2016–17 குளிர்கால வெள்ளம் அதைக் கொண்டுபோனது. பாலம் இல்லாத கோடைகளில் ஆற்றுக்குள் இறங்கித்தான் கடந்தாக வேண்டும்; புறப்படும் ஆண்டில் நிலைமை என்ன என்று பூங்கா அறிவிப்பில் பார்த்துக்கொள்வது அவசியம். ஓடும் நீர் காலைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்கு. முழங்காலுக்கு மேல் வந்துவிட்டால் வேகமான ஆறு ஆளைத் தூக்கிவிடக்கூடும்.

உருகுநீர் ஆறுகளுக்கு ஒரு தினசரி நாடித்துடிப்பு உண்டு. பகல் வெயிலில் உருகிய நீர் பனிப்படலத்துக்குள் கசிந்து, பாறையிடுக்கில் புகுந்து, ஓடையில் சேர்ந்து, ஆற்றுக்கு வர மணிக்கணக்கில் ஆகும். பனிக்குப் பக்கத்தில் உள்ள சிற்றோடையில் மாலையில் நீர் உச்சத்துக்கு வரும். தொலைவில் உள்ள பெரிய ஆற்றில் அதே அலை இரவில் வந்து சேரும். ஜெசிகா லண்ட்குவிஸ்ட், டேனியல் கயன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல், மேற்கு அமெரிக்க ஆறுகளின் நீரளவுப் பதிவுகளை மணிவாரியாக எடுத்து ஆராய்ந்து இந்தத் துடிப்பை விவரித்தார்கள். பல ஓடைகளில், கோடை முற்றிப் பனிப்படலம் மெலிய மெலிய, உச்சம் வரும் நேரமும் முன்தள்ளி வருகிறது. கசிந்து வரவேண்டிய பனியின் தடிமன் குறைந்துவிட்டதல்லவா. மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் கிடைக்கும் செய்தி, ஆற்றைக் காலையில் கடக்கும்படி முந்தைய இரவின் கூடாரத்தை இக்கரையில் போடு என்பதே.

எந்தக் காலையில் என்பதும் திசையைப் பொறுத்தது. வலச்சுற்றில் ஆறு இரண்டாம் நாளே வந்துவிடும். கடக்க முடியாது என்று தெரிந்தால் ஒரு நாள் நடைதான் வீண்; திரும்பி வந்துவிடலாம். இடச்சுற்றில் அதே ஆறு, கணவாயைத் தாண்டி, ஏரிகளைத் தாண்டி, முக்கால்வாசிச் சுற்று முடிந்தபின் குறுக்கே நிற்கும். வண்டி பதினைந்து கிலோமீட்டர் முன்னே. திரும்பினால் ஐம்பது கிலோமீட்டரும் மறுபடி ஒரு கணவாயும். சோறும் தீர்ந்திருக்கும். போன வழியே திரும்பும் நடையில், எந்த இடத்திலிருந்தும் வீடு பின்னால்தான் இருக்கிறது. சுற்றுநடையில் பாதி தாண்டியதும் வீடு முன்னால் போய்விடுகிறது. கடக்கக் கூடாத ஆற்றில் மனிதர்கள் காலை வைப்பது பெரும்பாலும் இந்தப் பாதிக்குப் பிறகுதான். சந்தேகமான இடத்தை முதலில் வைத்துக்கொள்வதே புத்தி.

கணவாய் நாளின் காலையை மட்டும் மணிக்கணக்கில் திட்டமிட வேண்டும். ரே ஏரிகளிலிருந்து கணவாய் சுமார் நான்கு கிலோமீட்டர். ஏற்றம் 440 மீட்டர். நெய்ஸ்மித் ஒன்றரை மணி என்பார். அந்த உயரத்தில் இரண்டரை என்று வையுங்கள். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு உறைந்து, விடியும்போது கண்ணாடிபோல் கெட்டித்திருக்கும். காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் இல்லாமல் அதில் கால் நிற்காது. அதிக நேரம் காத்திருந்தால் பனி குழைந்து, தொடைவரை புதையும். இரண்டுக்கும் நடுவில், முன்காலையில், சில மணி நேரம் மட்டும் பனி படி வெட்டத் தோதாக இளகியிருக்கும்.

பிற்பகலுக்கு வேறொரு தடை. வெயில் படும் மலைச்சரிவு, தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடேற்றுகிறது. அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவே நிற்கும் காற்று அவ்வளவு சூடாவதில்லை. எனவே சரிவோரக் காற்று மேலெழுகிறது. உயரே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. போதிய ஈரம் இருந்தால் சிகரங்களுக்கு மேல் மேகமாகத் திரள்கிறது. ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும் வாரங்களில் இதுவே மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாகிறது. நம் சுற்றிலேயே மிக உயர்ந்த இடமான, மரம் ஒன்றும் இல்லாத கணவாயில் அந்நேரம் நிற்பது கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி போனால் ஒரு கிலோமீட்டர் தொலைவு என்று எண்ணிக்கொள்ளலாம்தான். எண்ண வேண்டிய நிலைமைக்கு வருவதே திட்டத்தின் கோளாறு. காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குக் கணவாய், பதினொன்றுக்குள் மறுபக்கத்து மரங்கள்.

கணவாயைத் தாண்டியதும் வலச்சுற்றின் ஒரே குறை தொடங்குகிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலான இறக்கம், குறுகிய பக்கமாக. மூச்சுக்கு இது ஓய்வு. இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்ட்டோ மினெட்டியும் சகாக்களும் சாய்க்கக்கூடிய ஓடுபொறியில் ஆட்களை நடக்கவிட்டு, அவர்கள் செலவழித்த ஆக்ஸிஜனை அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். மிகக் குறைந்த செலவு, சமதளத்தில் அல்ல, நூறுக்குப் பத்து இறங்கும் சரிவில். நம் இறக்கம் சராசரியாக நூறுக்கு எட்டு. இவ்வளவு மலிவான நடைக்குப் பிறகு மறுநாள் நாற்காலியில் உட்காரக்கூட முடியாமல் தொடை வலிப்பது எதனால்?

பரணிலிருந்து அரிசி மூட்டையை இறக்கியவர்களுக்கு இது புரியும். தூக்கி வைக்கும்போது கை மடங்கி, தசை சுருங்கி வேலை செய்கிறது. மெல்ல இறக்கும்போதும் தசை இறுகித்தான் இருக்கிறது, ஆனால் மூட்டையின் எடை அதை இழுத்து நீட்டிக்கொண்டே போகிறது. முதலாவதைக் குறு இறுக்கம் என்றும் இரண்டாவதை நீள் இறுக்கம் என்றும் சொல்லலாம். மலை இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு மேலே, தொடையின் முன்தசை இப்படித்தான் நீள்கிறது. தசை வேலை செய்வதற்குப் பதிலாக அதன்மேல் வேலை செய்யப்படுகிறது. உடலியலாளர்கள் இதை எதிர்வேலை என்கிறார்கள்.

எதிர்வேலைக்கு ஆகும் செலவை அளக்க 1952-ல் லண்டனில் அபட், பிரெண்டா பிக்லாண்ட், ரிச்சி என்ற மூவர் செய்த சோதனை வெகு அழகானது. இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவரின் மிதிகட்டை பின்னோக்கிச் சுழலும். அவர் அதை எதிர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சங்கிலி ஒன்றே என்பதால் இருவர் காலிலும் விசை சமம், வேகமும் சமம். ஆனால் மிதித்தவர் செலவழித்த ஆக்ஸிஜனில் சிறு பங்குதான் தடுத்தவருக்குத் தேவைப்பட்டது. ராயல் சொசைட்டியில் இதைக் காட்டியபோது, ஒல்லியான ஓர் இளம்பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தபடியே, எதிரே மிதித்த இளைஞரைச் சீக்கிரமே களைக்க வைத்தார். பார்வையாளர்கள் ரசித்தார்களாம்.

நீளும் தசையில் ஒரே விசையைக் குறைவான இழைகளே தாங்குகின்றன. செலவு குறைவதும் அதனால்தான், ஒவ்வோர் இழையின்மேலும் சுமை கூடுவதும் அதனால்தான். பழகாத இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. வலி உடனே வராது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் வீடு வந்துவிடலாம். ஆனால் இழைகள் தளர்வது இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. கடைசி வளைவுகளில் முழங்கால் தானாக மடங்குவதும் சறுக்குவதும் அதனால்தான். ஒரு கைத்தடியோ இரண்டோ இருந்தால் சுமையில் கொஞ்சம் தோளுக்குப் போகும்.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய பரிகாரமும் உண்டு. ஒரே ஒரு தடவை நீள் இறுக்கத்துக்கு ஆளான தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் வெகு குறைவாகவே சிதைகிறது. நரம்புகள் சுமையைப் பகிரக் கற்கின்றனவா, தசையின் அமைப்பே மாறுகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் பேச்சு ஓயவில்லை. பாதுகாப்பு கிடைப்பதில் சந்தேகமில்லை. மலைக்குப் போகத் தயாராகிறவர்கள் எல்லாரும் மாடிப்படி ஏறிப் பழகுகிறார்கள். மூச்சுக்கு அது நல்லதுதான். தொடைக்கு வேண்டியது வேறு. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து, முதுகில் மூட்டையை மாட்டிக்கொண்டு, பத்தாவது மாடிக்கு லிஃப்டில் போய்ப் படியில் இறங்குங்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.